ஒரு ஸ்பூன் கொடுக்கும் முன்...

மும்பையில் மழை தொடங்கிவிட்டால் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து செம்பூர் வரை நம்மவர் வீடுகளில் ஒரே சத்தம்தான்: இருமல். மழை விட்டால் பனி. பனியோடு கட்டட வேலைத் தூசியும் வண்டிப் புகையும். ஆண்டில் பாதி நாள் வீட்டில் யாராவது ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அதே வீட்டில், ஃபிரிட்ஜின் மேலோ சாமி படத்துக்குக் கீழே உள்ள அலமாரியிலோ, பாதி காலியான ஒரு மருந்து பாட்டிலும் இருக்கும். போன மழைக்கு வாங்கியது. மூடியில் பாகு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். "இருக்கே, அதையே ஒரு ஸ்பூன் குடு" என்று பாட்டி சொல்வார். அம்மா கொடுப்பார்.

மாட்டுங்காவிலும் பிறகு செம்பூரிலும் மருந்துக் கடைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் அல்ல. ஆனால் டாக்டரிடம் போகாதவர்களை டாக்டர்களைவிட அதிகமாகப் பார்த்தவன். அந்த உரிமையில் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். சாதாரணச் சளிக்கு பாட்டில் கேட்கும் பழக்கத்தை நம் குடும்பங்கள் விட வேண்டும். அதிலும் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து விற்கும் சளி மருந்தை, டாக்டர் பார்த்து எழுதாமல், "கட்டாயம் வேண்டுமா?" என்று அவரைக் கேட்காமல், வீட்டுக்குள் விடக்கூடாது.

"இதற்கு இத்தனை பெரிய பேச்சா?" என்று நினைப்பவர்கள் 2025-ம் ஆண்டில் நடந்ததைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிந்த்வாராவில் நடந்தது

மத்தியப் பிரதேசத்தில், நமது மகாராஷ்டிர எல்லையை ஒட்டி, சிந்த்வாரா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே பராசியா என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சிறு குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல். மருந்து கொடுத்தார்கள். சில நாட்களில் குழந்தைகள் வாந்தி எடுத்தன, சோர்ந்தன, சிறுநீர் நின்றது. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று பல குழந்தைகளை நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்து போயின. பெரும்பாலானவை ஐந்து வயதுக்கு உட்பட்டவை.

கொடுத்த மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். அதைச் செய்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். ஆம், நம்ம தமிழ்நாடுதான். ஸ்ரீசன் என்ற நிறுவனம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் அங்கேயே மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்.ஆர்-13 என்ற தொகுப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் ஏறக்குறைய பாதி விஷம் என்று பொருள். உரிமையாளர் கைதானார், நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. மகாராஷ்டிர அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அந்தத் தொகுப்பு யாரிடமாவது இருந்தால் உடனே நிறுத்தும்படி எச்சரித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்தக் குழந்தைகளில் பலருக்கு மருந்தை எழுதிக் கொடுத்தவர் டாக்டர். பெற்றோர் தாங்களாகக் கடையில் வாங்கி ஊற்றவில்லை. சொன்ன அளவில்தான் கொடுத்தார்கள். அளவு சரி, நேரம் சரி, பிள்ளை இல்லை. இது ஒன்று. மற்றொன்று, "நம்ம ஊர் மருந்து நல்ல மருந்து" என்று ரயிலில் வரும்போது ஊரிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவரும் வழக்கம் நமக்கு உண்டு. ஊர்ப் பாசம் நல்லதுதான். ஆனால் மருந்துக்கு ஊர் கிடையாது.

இது முதல் முறையா?

இல்லை. இதே நஞ்சு, இதே வழியில், பல முறை உயிர் குடித்திருக்கிறது.

1937-ல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இந்தத் திரவத்தில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1938-ல், விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. 1972-ல் நமது சென்னையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்தார்கள். 1986-ல் இதே பம்பாயில், பைகுலா ஜே.ஜே. மருத்துவமனையில், கிளிசரின் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் 14 பேர் இறந்தார்கள். அந்தக் கிளிசரினில் இருந்தது இந்த நஞ்சுதான். நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை நடந்தது. அன்று நகரம் முழுக்க அதே பேச்சாக இருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998-ல் டில்லிப் பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2020-ல் ஜம்முவில் குழந்தைகள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறக்குறைய எழுபது குழந்தைகள். அதே ஆண்டு உஸ்பெகிஸ்தானில். இந்தக் கடைசி இரண்டு நாடுகளுக்கும் மருந்து போனது இந்தியாவிலிருந்து.

ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? காரணம் எளிமையானது. மாத்திரை பொடியால் ஆனது. சிரப்புக்கு மருந்தைக் கரைக்க ஒரு திரவம் வேண்டும். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற இனிப்பான, கொழகொழப்பான திரவங்கள் அதற்குப் பயன்படும். இவற்றில் மருந்துக்கு உரிய தரம் ஒன்று, தொழிற்சாலைக்கு உரிய தரம் ஒன்று. பின்னது மலிவு. அந்த மலிவுச் சரக்கில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம். அது பெயிண்டு, பிரேக் ஆயில் செய்யும் இடங்களில் புழங்கும் சரக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்குக்கு இனிக்கும். பேரல் வந்ததும் சோதித்தால் தெரிந்துவிடும். சோதிக்காமல் ஊற்றினால் பாட்டிலில் ஏறிவிடும்.

இதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது, நிறுவனத்துடையது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்று 2023 ஜூன் முதல் விதி வந்தது. சிந்த்வாரா நடந்தபோது, உள்நாட்டில் விற்கும் பாட்டிலுக்கு அப்படி ஒரு விதி இருக்கவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு சோதனை, நம் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன நியாயம்? இதை உரக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் அரசு திருந்தும் வரை நம் பிள்ளை இருமாமல் இருக்குமா? எந்தத் தாயாலும் பாட்டிலைப் பார்த்து உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. முப்பது ஆண்டு கடையில் நின்ற என்னாலும் முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: தேவையில்லாத இடத்தில் பாட்டிலைத் திறக்காமல் இருப்பது.

பாட்டிலுக்குள் மூவர்

நஞ்சு கலந்த கதையை விடுங்கள். ஒழுங்காகச் செய்த, சுத்தமான சளி மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோல்ட்ரிஃபிலும் அதைப் போன்ற பல சிரப்புகளிலும் மாத்திரைகளிலும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள்.

முதலாமவர் பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் வலிக்கும். குரோசின், டோலோ என்று நீங்கள் தனியாக வாங்குவதும் இவரைத்தான். அளவோடு இருந்தால் மிக நல்லவர். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுப்பார்.

இரண்டாமவர் ஃபினைல்எஃப்ரின். மூக்கடைப்புக்கு என்று சேர்க்கிறார்கள். இரத்தக் குழாயைச் சுருக்குவது இவர் வேலை. அதனால் இரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியவர். வேடிக்கை என்னவென்றால், வாய் வழியாகச் சாப்பிடும்போது இவரால் மூக்கடைப்பு திறப்பதில்லை என்று ஆராய்ந்து, கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளிலிருந்து இவரை நீக்கிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 நவம்பரில் முன்மொழிந்தது.

மூன்றாமவர் குளோர்ஃபெனிரமைன். தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் குறைப்பவர், கூடவே தூக்கத்தையும் கொடுப்பவர். "மருந்து கொடுத்தேன், பிள்ளை நிம்மதியாகத் தூங்குது" என்கிறோமே, அது பெரும்பாலும் நோய் குறைந்த தூக்கம் அல்ல, மருந்து கொடுத்த தூக்கம்.

மூன்று பேரும் சேர்ந்தாலும் சளியைக் குணப்படுத்துவதில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். மருந்து அந்த நாட்களைக் குறைக்காது. அறிகுறிகளை மட்டும் கொஞ்சம் அமுக்கும். அதுவும் பெரியவர்களுக்கு. சிறு குழந்தைகளுக்கு அந்தப் பயனும் நிரூபிக்கப்படவில்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது.

அதனால்தான் குளோர்ஃபெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இன்னும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, அதற்கு மேலும் டாக்டர் கவனமாகப் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும்.

நம் வீடுகளில் நடப்பது

கடையில் நான் கேட்ட குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. தாராவியிலிருந்து வரும் ஒரு தாய்: "அண்ணாச்சி, பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. போன தடவ குடுத்தீயளே, அந்த ஆரஞ்சுக் கலர் மருந்து, அதையே குடுங்க." மாட்டுங்காவில் ஒரு மாமி: "பேரனுக்கு ஜலதோஷம். ஊர்லேர்ந்து கொண்டுவந்தது தீர்ந்துபோச்சு. அதே பேர்ல இங்கே கிடைக்குமோ?" இருவருக்கும் பிள்ளைமேல் உயிர். இருவருமே கேட்டது மருந்தின் நிறத்தையும் பெயரையும்தான். உள்ளே என்ன, பிள்ளையின் எடை என்ன என்று யாரும் கேட்டதில்லை. பெயரைத்தான் நம்புகிறோம். ஆனால் ஒரே பெயரில் பின்னால் ஓர் எழுத்து மாறினால் உள்ளே மருந்தே மாறிவிடும் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

அடுத்தது அளவு. "ஏக் சம்மச் தோ டைம்" என்று கடைக்காரர் இந்தியில் சொல்வார். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்குச் சம்மச் என்றால் எது? காப்பி ஸ்பூனா, சாம்பார்க் கரண்டியா? மருத்துவத்தில் டீ ஸ்பூன் என்றால் 5 மில்லி. டேபிள் ஸ்பூன் என்றால் 15 மில்லி. மூன்று மடங்கு வித்தியாசம். வீட்டு ஸ்பூன்களோ ஒன்றைப் போல ஒன்று இராது. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோதான் அளக்க வேண்டும். மூடி தொலைந்துவிட்டால் கடையில் கேளுங்கள், கொடுப்பார்கள்.

டிராப்ஸ், சிரப் குழப்பம் இதைவிடக் கொடியது. பாராசிட்டமால் கைக்குழந்தை டிராப்ஸில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம். இன்னொரு வகையில் 250. டிராப்ஸை சிரப் என்று நினைத்து ஒரு டீ ஸ்பூன் ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அது பெரியவர் மாத்திரை ஒன்று. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 100 முதல் 150 மில்லிகிராம்தான்.

பெரியவர்கள் கதையும் அப்படித்தான். உடம்பு வலிக்கு டோலோ 650. மூக்குக்குச் சளி மாத்திரை. அதற்குள்ளும் பாராசிட்டமால் 500. இரண்டையும் சேர்த்து ஒரு வேளைக்கு 1150 மில்லிகிராம். நாளுக்கு நான்கு வேளை போட்டால் 4600. ஆரோக்கியமான பெரியவருக்கே நாளுக்கு 4000-த்தைத் தாண்டக் கூடாது. தினமும் குடிப்பவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. வலி ஒன்றுக்கு, சளி ஒன்றுக்கு என்று நாம் இரண்டு மருந்து போட்டதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரே மருந்தை இரண்டு முறை போட்டிருக்கிறோம்.

வீட்டில் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, சர்க்கரை உள்ள தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சிரமமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். கண் அழுத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கலவை மருந்து இவர்களுக்கு ஆகாமல் போகலாம். டாக்டரிடம் இதைச் சொல்லாமல் சளி மாத்திரை வாங்கக் கூடாது. இரவு ஷிப்டில் மெஷின் ஓட்டுபவர், டாக்சி ஓட்டுபவர் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது. மதுவோடு சேர்த்தால் தூக்கம் மயக்கமாகிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கைவைத்தியம்: எது சரி, எது தவறு?

பாட்டில் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? நம்மிடம் இல்லாததா! வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம், ஓய்வு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். உலக நாடுகளின் மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது, அதில் உள்ள ஒரு கிருமி கைக்குழந்தையை முடக்கிவிடும். மூக்கடைத்த கைக்குழந்தைக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கைவைத்தியம் என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கர்ப்பூரம் காய்ச்சிக் குழந்தை மார்பில் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கர்ப்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்ச் சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் கர்ப்பூரமும் வேண்டாம், கர்ப்பூரம் சேர்த்த தைலங்களும் வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் கொதிக்கும் தண்ணீரை வைத்துப் பிள்ளைக்கு ஆவி பிடிப்பதும் வேண்டாம். கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய துன்பம்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்காவிட்டால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. ஏதாவது மருந்து கொடுத்த பிறகு பிள்ளை வாந்தி எடுத்து, சோர்ந்து, ஆறு ஏழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. கையில் அந்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், குழந்தைக்கோ பெரியவருக்கோ, காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். நெருக்கமான வீடுகளில் வாழும் நமக்கு இது மிக முக்கியம். சோதனையும் சிகிச்சையும் அரசு நிலையங்களில் இலவசம். இரண்டு மாதம் சிரப்பு மாற்றி மாற்றிக் குடித்துவிட்டுக் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரிடம் போக நேரம் எங்கே?"

இந்தக் கேள்வி நியாயமானது. ஒரு நாள் கூலி போனால் வீட்டில் உலை கொதிக்காது என்ற நிலையில் இருப்பவரிடம் "டாக்டரைப் பாருங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. டாக்டருக்கு ஐந்நூறு, மருந்துக்கு முந்நூறு. கடையில் நேராக வாங்கினால் நூற்றிருபதோடு முடிகிறது. நான் சொல்வது அதற்கு எதிரானது அல்ல. சாதாரணச் சளிக்கு டாக்டரும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். அந்த நூற்றிருபதையும் மிச்சம் பிடியுங்கள். ஆபத்துக் குறி தெரியும்போது மட்டும் ஓடுங்கள். சயான் மருத்துவமனையும், தாராவிக்குள்ளேயே "சோட்டா சயான்" என்று நாம் அழைக்கும் நகராட்சி நிலையமும் இருக்கின்றன.

டாக்டரிடம் போகும்போதும் நம் போக்கு மாற வேண்டும். "ஒண்ணும் எழுதித் தரலையே, இவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்று வெளியே வந்து சொல்கிறோமே, அந்தப் பேச்சு டாக்டர் காதுக்கும் எட்டுகிறது. அடுத்த முறை அவர் ஒரு பாட்டில் எழுதிவிடுகிறார். வீசிங் இல்லை, நிமோனியா இல்லை, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிற டாக்டர்தான் நமக்கு நல்லது செய்பவர். அவருக்குக் கொடுத்த ஃபீஸ் வீண் இல்லை. திருக்குறளில் "மருந்து" என்ற அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அளவறிந்து, பசித்துச் சாப்பிடுவதைப் பற்றித்தான் வள்ளுவர் பேசுகிறார். வேண்டாத மருந்தை விடுவதும் ஒரு மருந்துதான்.

டாக்டர் எழுதினால் தயங்காமல் நான்கு கேள்வி கேளுங்கள். இது கட்டாயம் வேண்டுமா? உள்ளே என்னென்ன இருக்கிறது? என் பிள்ளை எடைக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள்? ஏற்கெனவே கொடுக்கும் மருந்தோடு சேருமா? இந்தி வராவிட்டால் நம்மவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கடையில் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் தொகுப்பு எண் இருக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. நோய் தீர்ந்ததும் மிச்ச பாட்டிலை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த மழைக்கும் வைக்காதீர்கள். சர்க்கரை, உப்பு இரவல் கொடுக்கலாம். மருந்து இரவல் பொருள் அல்ல.

சங்கங்கள் செய்ய வேண்டியது

மும்பையில் தமிழ்ச் சங்கங்களும் சமாஜங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் குறைவில்லாமல் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவ முகாமும் வைக்கிறோம். முகாமில் இரத்த அழுத்தம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம், கண் பார்க்கிறோம். அடுத்த முகாமில் ஒரு மேஜை கூடுதலாகப் போடுவோம். வீட்டில் இருக்கும் மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்வோம். நம் சமூகத்தில் மருந்தாளுநர்களும் நர்சுகளும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எது காலாவதி, எது ஒரே மருந்து இரண்டு பெயரில், எது குழந்தைக்கு ஆகாது என்று பிரித்துக் கொடுத்தால் போதும். ஓர் அட்டையும் அச்சடிப்போம். மேலே சொன்ன நான்கு கேள்விகள், ஓட வேண்டிய அறிகுறிகள், பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர், எல்லாம் பெரிய எழுத்தில், தமிழில். பாட்டில் அட்டையில் ஆங்கிலம், கடையில் மராட்டி, டாக்டரிடம் இந்தி. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தாளாவது தாய்க்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு விழாவில் பொன்னாடைக்கு ஆகும் செலவே போதும். அந்த மேஜைக்கு முதல் ஆளாக உட்கார நான் தயார். உடன் வருபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். மழைக்கு முன் தொடங்கிவிட்டால், இந்த ஆண்டே பல வீட்டு அலமாரிகள் சுத்தமாகிவிடும்.